அத்திம்பேர் வாங்கிய கடல் படம்

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கியபோது மயிலாப்பூரில் பல வீடுகளுக்குப் பலவிதச் சாமான்கள் மலிவாக வந்து சேர்ந்தன. ஒருவர் பியானோ வாங்கி அதன்மேல் ஊறுகாய் ஜாடிகளை அடுக்கினார். இன்னொருவர் வேட்டை நாய் வாங்கித் தயிர் சாதம் போட்டு வளர்த்தார். என் அக்காவின் கணவர் பாய்மரப் படகு வாங்கினார். அத்திம்பேர் பாண்டிபஜாரில் பல் வைத்தியர். அதுவரை அவர் நெருங்கிப் பழகிய நீர்நிலை, நோயாளிகள் வாய் கொப்பளித்துத் துப்பும் பீங்கான் கிண்ணம்தான்.

படகு வாங்கிய அன்றே அதற்கேற்ற வெள்ளைத் தொப்பியும் வாங்கிவிட்டார். அடுத்து, கடலின் ஆழம் குறித்த படம் வேண்டும் என்றார். அதில் நான் மாட்டிக்கொண்டேன். காகித வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனியில் சரக்கின் தரம் பார்ப்பது என் வேலை. ஒரு தாளை விரலால் தடவினால் கந்தலில் செய்ததா, மரக்கூழில் செய்ததா என்று சொல்லிவிடுவேன். கடல் படமும் காகிதம்தானே என்பது அத்திம்பேரின் தர்க்கம்.

நான் ஒப்புக்கொண்டதற்குக் காரணம் அக்கா. அடையாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே கட்டியிருந்த படகில் புறப்பட்டு, முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குள் போய், மயிலாப்பூருக்கு நேர் எதிரே நின்றுவிட்டுத் திரும்புவது என்று திட்டம். முதல் பயணத்திலேயே அக்காவும் ஏறவேண்டும் என்று அத்திம்பேர் தீர்மானித்திருந்தார். அவளுக்கு நீந்தத் தெரியாது. ஆனால் ஆசை இருந்தது. பிறந்தது முதல் கோயிலுக்குப் பக்கத்தில் நின்று தலையை அண்ணாந்தே பார்த்த கோபுரத்தை ஒரு தடவை கடலிலிருந்து பார்க்க வேண்டும் என்றாள்.

"நீ பாத்துச் சொல்லுடா. படம் சரியா இருக்குன்னு நீ சொன்னா ஏறறேன். அவர் சொன்னா ஏற மாட்டேன்" என்று சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். அத்திம்பேர் கூடத்தில்தான் இருந்தார். அவர் காதில் விழவேண்டும் என்றே சொன்னாள்.

மவுண்ட் ரோட்டில் தொலைநோக்கியும் திசைகாட்டியும் விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே நமது கரைக்கு இரண்டு விதப் படங்கள் கிடைத்தன. ஒன்று சீமைக் கடற்படையார் அச்சிட்டது: கறுப்பு வெள்ளை, கனத்த தாள், எறும்பு ஊர்ந்தது போல எண்கள். மற்றொன்று, பொழுதுபோக்குக்காகப் படகு விடுகிறவர்களுக்கென்றே ஒரு தனிக் கம்பெனி போட்டது: கடல் நீலம், கரை மஞ்சள், மூலையில் தங்க நிறத்தில் ஒரு திசைச் சக்கரம், முதுகில் ஒட்டிய துணி. கடைக்காரர் கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டு, "இது கப்பல்காரங்களுக்கு சார். அது ஜென்டில்மேன்களுக்கு" என்றார். அத்திம்பேரின் முகம் மலர்ந்ததைப் பார்த்ததுமே முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டையும் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தருவதாகச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

கூடத்துத் தரையில் விரித்துச் சோதித்தேன். ஓரத்தில் பென்சிலால் கோடிழுத்து ரப்பரால் அழித்தேன். கடற்படைத் தாளில் கோடு தடமில்லாமல் போயிற்று. கம்பெனித் தாளில் கோட்டோடு கடலும் கொஞ்சம் போயிற்று. ஈரத் துணியால் தொட்டேன். கம்பெனியின் நீலம் என் விரலுக்கு வந்தது. கடற்படைப் படத்தின் அடியில், கடலை எந்த ஆண்டு அளந்தார்கள் என்று போட்டிருந்தது. மற்றதில் அச்சிட்ட ஆண்டு மட்டும் இருந்தது. எப்போது அளந்தது என்று சொல்ல வெட்கப்படுகிறவன் அளக்கவே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அத்திம்பேர் தொப்பியோடு குனிந்து எண்களை ஒப்பிட்டார்.

"இதைப் பாரு, ஒரே இடம். கடற்படைக்காரன் மூணுன்னு போட்டிருக்கான். கஞ்சப்பயல்! இவன் பதினெட்டு போட்டிருக்கான். எதுல போனா படகு மிதக்கும்? நீயே சொல்லு."

"அத்திம்பேர், அது பாகக் கணக்கு, இது அடிக் கணக்கு. ஒரு பாகத்துக்கு ஆறு அடி. ரெண்டும் ஒரே ஆழம்தான்."

"ஒரே ஆழம்னா எதுக்குடா ரெண்டு கம்பெனி?"

படித்துப் பட்டம் வாங்கி, ஊரார் வாயிலெல்லாம் கை விடுகிற ஒரு மனிதர், எண் பெரிதாக இருந்தால் கடலும் பெரிதாக இருக்கும் என்று நம்பினார்.

அடுத்து நான் முகத்துவாரத்தைக் காட்டினேன். படகு கடலுக்குள் போக இருந்த ஒரே வாசல் அது. கடற்படைப் படத்தில் அந்த இடம் வெள்ளையாக விடப்பட்டு, மணல் திட்டு இடம் மாறும் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. கம்பெனிப் படத்தில் குறிப்பும் இல்லை, திட்டும் இல்லை. வெளிக் கடலின் பதினெட்டு அடி நீலத்தையே இழுத்து ஆற்றுக்குள் பூசியிருந்தார்கள்.

"இவன் நேர்மையா தெரியாதுன்னு சொல்றான். அவன் தெரியாத இடத்துல சாயம் அடிச்சிருக்கான்" என்றேன்.

"வெள்ளையா விட்டிருக்கான்னா வேலையை முடிக்காம காசு வாங்கிண்டுட்டான்னு அர்த்தம்" என்றார் அத்திம்பேர். கம்பெனிப் படத்தையே வாங்கினார்.

அன்று மாலை அக்காவிடம், "முகத்துவாரத்துல எவ்வளவு ஆழம்னு ரெண்டு படமும் சொல்லலே. நீ ஏற வேண்டாம்" என்றேன். அவள் சரி என்று மட்டும் சொன்னாள். படகுக்காக எடுத்து வைத்திருந்த பருத்திப் புடவையைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். எனக்குக் கம்பெனிக்காரன்மேல் வந்த கோபம் அத்திம்பேர்மேலும் பாதி வந்தது.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை படகு புறப்பட்டது. துணைக்கு ஆள் வேண்டுமே என்று, படகுக்கு வர்ணம் அடிக்கச் சிந்தாதிரிப்பேட்டையிலிருந்து வந்த பெயிண்டரையே அத்திம்பேர் ஏற்றிக்கொண்டார். அந்த மனிதருக்குப் படகைப் பற்றித் தெரிந்தது அதன் நிறம் மட்டுமே. அக்காவும் நானும் டிபன் கேரியரோடு முகத்துவாரத்தின் வடகரை மணலில் நின்றோம்.

படகு அழகாகத்தான் வந்தது. பாய் புடைத்திருந்தது. அத்திம்பேர் படத்தை மடியில் விரித்திருந்தார். எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். உயர்த்திய கை இறங்குவதற்குள் படகு மணலில் ஏறி நின்றுவிட்டது.

பெயிண்டர் வேட்டியை மடித்துக்கொண்டு குதித்தார். தண்ணீர் அவர் முழங்காலைக்கூட எட்டவில்லை.

"இன்னா சார், பதினெட்டு அடி கீதுன்னு சொன்னீங்க? முட்டியே நனையல!"

"படத்துல இருக்குய்யா!"

"அப்போ படத்து மேலயே போலாமே சார். இங்க இன்னாத்துக்கு நின்னுக்கினு?"

அத்திம்பேரும் இறங்கினார். படம் நனையக்கூடாது என்று இரண்டு கைகளாலும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். படகைத் தள்ள அவருக்குக் கை மிச்சமில்லை. பெயிண்டர் ஒருவராகவே தள்ளித் தள்ளிக் களைத்து, படகில் சாய்ந்து பீடி பற்றவைத்தார்.

அப்போது அக்கா புடவையைத் தூக்கிச் செருகினாள்.

"எங்கே போறே?"

"அந்த ஆள் நிக்கற எடத்துல முழங்கால் தண்ணிதானேடா. என் கண்ணுக்கே தெரியறது. இதுக்கு எந்தக் கம்பெனி வேணும்?"

திட்டு கரையிலிருந்தே தொடங்கிப் படகுவரை நீண்டிருந்தது. அவள் அதன்மேல் நிதானமாக நடந்து போனாள். கேரியரைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னால் போனேன். பெயிண்டர் பீடியை மறைத்துக்கொண்டு கை கொடுக்க, படகில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு வடக்கே திரும்பினாள். தென்னை உச்சிகளுக்கு மேலே, காலை வெயிலில், கோபுரம் விரல் நீளத்துக்குத் தெரிந்தது. அக்கா கை கூப்பவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாத்தியா, படம் தப்பு! அந்தக் கடற்படைக்காரன் படத்தையே வாங்கியிருக்கணும்" என்றார் அத்திம்பேர், என்னிடம். இந்த யோசனையை அவருக்கு யாரும் சொன்னதே இல்லை என்பது போலச் சொன்னார்.

"எதை வேணா வாங்கிக்கோங்கோ" என்றாள் அக்கா, திரும்பாமலே. "இப்போ படகைத் தள்ளாதேங்கோ. கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்."