கருணாவின் பெயரில் ஒரு கேள்வி

புதிதாக ஒரு பூ போடும்போதெல்லாம் அந்த எம்ப்ராய்டரி மெஷின் நேராகப் பூவுக்குப் போகாது. துணி மாட்டிய ஃபிரேம் மெல்ல நகரும். இடது கீழ் மூலை ஊசிக்கு அடியில் வந்து நிற்கும். ஊசி அங்கே நக அளவுக்கு ஒரு கோடு தைத்து, முனையில் ஒரு சுழி போட்டுவிட்டுத்தான் நடுவுக்குத் திரும்பும். தேவானை அப்படி எதையும் வரையவில்லை. கம்ப்யூட்டர் திரையிலும் அந்தக் கோடு இல்லை.

கருணாகரன் இறந்த பிறகுதான் அது வர ஆரம்பித்தது.

உஸ்மான் ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் தங்கபுஷ்பம் அக்காவின் பிளவுஸ் கடை. மாடியில் இந்த ஒற்றை மெஷின். அதை ஓட்டிக்கொண்டிருந்தவன் கருணாகரன். அவன் மனைவி தேவானை நொச்சிக்குப்பத்திலிருந்து தினமும் அவனோடு பஸ் ஏறி வந்து, நூல் மாட்டுவதும் பிசிறு வெட்டுவதுமாக இருந்தாள். எட்டாவதோடு படிப்பு நின்றவள். வாய் திறந்து யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லை. அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே பூ வரையக் கற்றுக்கொண்டாள். ஆடியில் ஒருநாள் அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், எழவில்லை. காரியம் முடிந்ததும் அவன் நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள்.

முதல் பூவிலேயே சுழி விழுந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. வந்திருக்கிறான் என்று நினைத்தாள். வெட்டிப் போடுகிற மூலைதானே என்று யாரிடமும் சொல்லவும் இல்லை.

முகூர்த்த மாதம் வந்தது. ஒரு கல்யாணப் பெண்ணின் ஊதாப் பட்டில் துணி பற்றாமல் மூலைவரை பயன்படுத்த வேண்டியிருந்தது. சுழி கை விளிம்பில் வந்து உட்கார்ந்துகொண்டது. தங்கபுஷ்பம் மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

“ஏட்டி தேவானை, இது என்னட்டி? மணப்பொண்ணு கையில பல்லி ஏறுன மாதிரி கெடக்கு!”

“மெஷின்தான்க்கா...”

“மெஷினுக்கு என்ன, பேயா புடிச்சிருக்கு?”

தேவானை சுழியை விரலால் மூடிக்கொண்டாள். மறுநாள் மெக்கானிக் வந்து போனதும் அக்கா மறுபடி மாடியேறினாள்.

“மெக்கானிக் கழட்டிப் பாத்துட்டு ஒண்ணுமில்லங்கான். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா இத எக்ஸ்சேஞ்சுல தள்ளிட்டுப் புதுசு எறக்கிருவேன். புது மெஷினோட கம்பெனிக்காரனுக ஆளும் ஓட்ட வருவான். பொறவு அக்கா சொல்லலையேன்னு அழக்கூடாது.”

எம்ப்ராய்டரிக்காரர்களுக்கென்று இணையத்தில் ஒரு மன்றம் உண்டு. சாப்பாட்டு நேரத்தில் கருணாகரன் அதில்தான் கிடப்பான். கம்ப்யூட்டரில் திறந்தவுடனே அவன் பெயரிலேயே உள்ளே விட்டது. தேவானை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள்.

“அன்புள்ள அண்ணன்மார்களுக்கு வணக்கம். அனைவரும் நலமா? மெஷின் சரியில்லை. என்ன செய்வது? அவசரம். உதவவும்.”

பெரிய மனிதர்களிடம் உதவிக்குப் போனால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், தன் குறையை விலாவாரியாகக் கொட்டக் கூடாது. அவளுக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

ராகேஷ் என்று ஒருவன் உடனே வந்தான். “மெஷினுக்கு ஜுரமா, வயித்து வலியா மச்சி? நாடி புடிச்சுப் பாக்க இன்னா நான் வைத்தியனா?”

இன்னொருவன், “கருணா! இன்னா நைனா, ஆளையே காணோம்? எங்க போய்ட்ட?” என்று கேட்டிருந்தான்.

தேவானை கீபோர்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். இங்கே அவன் இன்னும் சாகவில்லை.

மதியத்துக்கு மேல் திருவல்லிக்கேணி நதீம் எழுதினான். “கருணா, இது நீயா? நீ கேக்குற மாதிரியே இல்லியே. உன் பழைய கேள்விய நீயே போய்ப் படி.”

போய்ப் படித்தாள். வருஷக்கணக்கில் அவன் கேட்ட கேள்விகள் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தன. “காலைல வரிக்கும் நல்லாத்தான் ஓடிக்கினு இருந்துச்சு. அப்புறம் ஜரிகை நூல் மாத்தினேன். அதுலேர்ந்து இலை முனைல அறுந்து போவுது. ஊசி மாத்திப் பாத்தேன், கேக்கல. வேகம் கொறச்சேன், கொஞ்சம் தேவலாம். மெஷின் இது, சாஃப்ட்வேர் இது, படம் கீழ கீது.” வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவன். இங்கே ஒன்றுவிடாமல் சொல்லியிருந்தான். படிக்கப் படிக்க அவன் குரல் காதுக்குப் பின்னால் கேட்டது. ஒருமுறை திரும்பிக்கூடப் பார்த்தாள்.

அவனைப் போலவே மறுபடி எழுதினாள். மெஷின் எது, சாஃப்ட்வேர் எது, கோடு எங்கே விழுகிறது, திரையில் தெரியவில்லை, மெக்கானிக் என்ன செய்தார், எல்லாம். சுழியைப் படம் எடுத்தும் போட்டாள். எப்போதிலிருந்து என்பதற்கு மட்டும் “நேற்று முதல்” என்று எழுதினாள்.

“இப்பதான்யா கேள்வி,” என்றான் நதீம். “ரெண்டே ரெண்டு சொல்லு. பழைய டிசைன ஓட்டினா கோடு வருதா? கோடு வர்றதுக்கு முன்னாடி அங்க இன்னா மாறிச்சு?”

கருணாகரன் போட்ட பழைய மயில் ஒன்றை எடுத்து ஒரு வெட்டுத்துணியில் ஓட்டினாள். ஊசி நேராக மயிலின் கழுத்தில் இறங்கியது. மூலைக்குப் போகவில்லை. அவன் போட்ட வேறொரு கொடியை ஓட்டினாள். அதிலும் இல்லை. அப்படியானால் அவள் வரைந்தால் மட்டும்தான் வருகிறான்.

இதை எப்படி எழுதுவது? எழுதினால் நதீம் காரணம் கண்டுபிடித்துவிடுவான். காரணம் தெரிந்துவிட்டால் அப்புறம் அங்கே கருணாகரன் இருக்க மாட்டான். வியாழக்கிழமை முழுவதும் அந்தக் கேள்விக்குக் கீழே ஒன்றும் எழுதாமலே வேலை பார்த்தாள். சுழி விழுந்தபோதெல்லாம் விரலால் தடவிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை, கடை வாசலில் தங்கபுஷ்பம் யாரிடமோ போனில் பழைய மெஷினுக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். அதைத் தாண்டி மாடியேறிய தேவானை பையைக்கூட இறக்காமல் உட்கார்ந்து தட்டினாள்.

“நேற்று முதல் என்று எழுதியது பொய். ஆடி மாதத்திலிருந்து வருகிறது. மாறியது ஆபரேட்டர். கருணாகரன் இறந்துவிட்டார். நான் அவர் மனைவி தேவானை. அவருடைய டிசைனில் கோடு வரவில்லை. அவர் எப்போதும் பழைய டிசைனைத் திறந்து மாற்றித்தான் புதியது செய்வார். எனக்கு அது வராது. வெற்றுப் பக்கம் திறந்து வரைகிறேன். அதில் மட்டும் வருகிறது.”

அவன் இறந்துவிட்டான் என்று அவள் தன் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை.

பிறகு ராகேஷ், “அண்ணி, தெரியாம கலாய்ச்சிட்டேன். மன்னிச்சுக்கோங்க” என்றான். அதற்குக் கீழே நதீம்.

“அக்கா, நீங்க தொறக்குறது வெத்துப் பக்கம் இல்ல. எல்லாப் புதுப் பக்கத்துக்கும் அடியில ஒரு மூலப் பக்கம் கீது. அதுல இன்னா இருந்தாலும் அதுலேர்ந்து வர்ற எல்லாத்துலயும் விழும். வெள்ளை நூல்ல போட்டிருப்பான், வெள்ளைத் திரைல தெரியாது. நூல் இழுப்பு சரியாக் கீதான்னு மூலைல தச்சுப் பாக்குற பழக்கம் அவனுக்கு உண்டு. மூலப் பக்கத்துக்குப் போயி எல்லாத்தையும் செலக்ட் பண்ணுங்க. மூலைல தெரியும். அழிச்சிட்டு சேவ் பண்ணுங்க.” பிறகு தனியாக ஒரு வரி. “நல்ல மனுசன்க்கா.”

மூலப் பக்கத்தைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. எல்லாவற்றையும் செலக்ட் செய்தாள். ஒன்றுமில்லாதிருந்த திரையின் இடது மூலையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்கு நடுவே கோடும் சுழியும் எழுந்து நின்றன. பேய் இல்லை. அவன் கையால் போட்டதுதான். எந்தக் காலத்திலோ போட்டுவிட்டு மறந்திருப்பான்.

படியில் அக்காவின் செருப்புச் சத்தம் கேட்டது.

தேவானை அழித்தாள். சேமிக்கவா என்று திரை கேட்டது. ஆமாம் என்றாள்.

“என்னட்டி, அவனுகளுக்குப் பதில் சொல்லணும், மெஷினை எடுத்துட்டுப் போகச் சொல்லவா?”

“ஒரு நிமிஷம்க்கா.”

கெட்டுப்போனதற்கு மாற்றாக அக்கா வாங்கி வைத்திருந்த ஊதாப் பட்டை ஃபிரேமில் இழுத்து மாட்டினாள். புதுப் பக்கத்தில் ஒரு தாமரை வரைந்து மெஷினுக்கு அனுப்பினாள். ஃபிரேம் நகர்ந்தது. அவள் கை பழக்கத்தில் துணியின் இடது மூலையை அழுத்திக்கொண்டது.

ஊசி நடுவில் இறங்கியது.

“அட, சரியாயிட்டே!” என்று தங்கபுஷ்பம் குனிந்து பார்த்தாள். “பொறவென்ன? மத்த பிளவுஸையும் இன்னைக்கே போட்டுரு. நான் அவனுகளை வேண்டாம்னு சொல்லிருதேன்.”

“சரிக்கா” என்றாள் தேவானை. அக்கா இறங்கிப் போன பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. தாமரையின் கடைசி இதழ் முடிந்து மெஷின் நிற்கும்வரை அந்த வெறும் மூலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.