அடுப்பை அணைக்க வைத்த குரல்

குடிநீர் வாரியத்தில் புகார் போன் எடுப்பவளாகச் சேர்ந்து, பதினோரு வருஷத்தில் செய்தித் தொடர்பாளர் ஆனவள் அவள். குழாய் உடைந்துவிட்டதென்று எகிறிக் குதிப்பவர்கூட, அவள் நாலு வார்த்தை பேசினால் "சரிம்மா, மெதுவா ஆளை அனுப்புங்க" என்று இறங்கிவிடுவார். அலுவலகத்தில் அவளுக்கு 'ஐஸ்கட்டி' என்று பேர்.

பெருமழையில் குடிநீரோடு சாக்கடை கலந்துவிட்டதாகப் பேச்சு கிளம்பியதும், ஊரே தண்ணீர் கேன் கடைகளை மொய்த்தது. தலைமைப் பொறியாளர் டைப் அடித்த ஒரு தாளை நீட்டினார்.

"தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு ரேடியோல சொல்லிடும்மா."

"பரிசோதனை முடிவு வந்துருச்சா சார்?"

"நாளைக்கு வரும். அதுவரைக்கும் ஊர் அடங்க வேண்டாமா?"

"காய்ச்சிக் குடிங்கன்னாவது சேர்த்துக்கறேனே."

"அப்படிச் சொன்னா, ஏதோ இருக்குன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி."

தாளில் இருந்ததை மட்டும் ரேடியோவில் வாசித்தாள். ஒரு மணி நேரத்தில் கடை வாசல்களில் கூட்டம் கரைந்தது.

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா கூப்பிட்டாள். அக்கா மகளுக்கு விடியலிலிருந்து வாந்தி, பேதி. படுக்கை கிடைக்காமல் நடைபாதையில் கிடத்தியிருந்தார்கள்.

"காய்ச்சத்தான்டி வச்சேன். உன் குரலைக் கேட்டதும் அடுப்பை அணைச்சுட்டேன்."

யாரையும் கேட்காமல் ரேடியோ நிலையத்துக்கு ஓடினாள். தெரிந்த முகம் என்று உடனே மைக்கைக் கொடுத்தார்கள்.

"நேத்து நான் சொன்னது தப்பு. குடிக்காதீங்க. உங்க கால்ல விழறேன், குடிக்காதீங்க!"

தொண்டை கட்டி, அழுகையில் உடைந்து வந்தது அந்தக் குரல். நிலையத்துக்குப் போன் மேல் போன். "யாரோ புரளி கிளப்புறா. அந்தம்மா இப்படியா பேசுவாங்க?" அரை மணி நேரத்தில் வாரியம் மறுப்பு வெளியிட்டது. கூடவே அவளுடைய முதல் நாள் பதிவையும் திரும்பத் திரும்பப் போடச் சொன்னது.

அவள் தெருத்தெருவாக ஓடிக் கதவு தட்டினாள். எல்லா ஜன்னலிலிருந்தும் அவள் குரலே சாந்தமாக அவளை மறுத்துக்கொண்டிருந்தது.

"ரேடியோல அந்தம்மாவே சொல்றாங்களே," என்றார் பனியன் போட்ட ஒருவர்.

"அந்தம்மா நான்தாங்க!"

அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இருட்டுவதற்குள் அவளை நம்பியது மூன்று வீடுகள்.

மறுநாள் காலையில்தான் முடிவு வந்தது. தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று பொறியாளரே அறிவித்தார். அக்கா மகள் ஒன்பது நாளில் பிழைத்து எழுந்தாள். பதினான்கு பேர் எழவில்லை.

விசாரணையில், தாளை எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்டார்கள். "அனுமதியில்லாம ரேடியோவுக்குப் போனவங்க சார் இவங்க. நேத்து ஒண்ணு சொல்வாங்க, இன்னைக்கு ஒண்ணு," என்றார் பொறியாளர். தாளில் யார் கையெழுத்தும் இல்லை. பதிவில் இருந்தது அவள் குரல் மட்டும்.