ஒன்பதரை விரல்

அச்சகத்தில் அவளுக்கு 'ஒன்பதரை' என்று பெயர். காகிதம் வெட்டும் இயந்திரம் அவளுடைய இடது ஆள்காட்டி விரலில் பாதியை எடுத்துக்கொண்ட பிறகு, அந்தப் பெயரை அவளே தனக்கு வைத்துக்கொண்டாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அவர்கள் ஆரம்பிக்கும் முன்னால் நாமே ஆரம்பித்துவிட வேண்டும் என்பது அவள் கட்சி.

தண்டவாளத்துக்குப் பின்னால், பழைய நீரேற்று நிலையத்தில் இருந்த பறவை ஆய்வு மையத்துக்கு அவள் முதலில் போனது சும்மா வேடிக்கை பார்க்கத்தான். வலையில் விழுந்த பறவையை எடுத்து, எடை பார்த்து, எண் பொறித்த வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிட்டார்கள். அன்றைக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. தானும் வளையம் மாட்டியே தீர வேண்டும் என்று தன்னார்வலராகப் பேர் கொடுத்தாள்.

பொறுப்பாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அவள் கையைப் பார்த்ததும் முகம் சுண்டிவிட்டது.

"வலது கையில இடுக்கி, இடது கையில பறவை. அதோட கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில இருக்கணும்மா. உங்களுக்கு நழுவிடும். நழுவக்கூடாதுன்னு அழுத்தினா அதுக்கு மூச்சு முட்டிடும்."

வேலைப் பங்கீடு எழுதும் கரும்பலகையில் அவள் பெயருக்கு நேரே 'பை மாட்டுதல்' என்று எழுதினார். பறவைகள் இருக்கும் துணிப்பைகளைக் கொக்கியில் மாட்டும் வேலை. பறவைகள் வரும் பருவம் முழுக்க மாட்டினாள், உள்ளுக்குள் கொதித்துக்கொண்டே.

வீட்டில் காலுறைக்குள் பஞ்சு அடைத்து, பறவை மாதிரி தலையும் கழுத்தும் தைத்து, பிடித்துப் பிடித்துப் பழகினாள்.

"அது என் காலுறைடி! ஒத்தையைப் போட்டுக்கிட்டு எப்படி வேலைக்குப் போறது?" என்று கத்தினான் கணவன்.

"ஒத்தைக் காலுறைன்னு நீங்களே பேர் வச்சுக்கங்க. பழகிடும்."

ஒரு நாள் காலையில் பொறுப்பாளர் பையிலிருந்து சிட்டுக்குருவி ஒன்றை எடுத்தபோது, அவள் எதிரே போய் நின்றாள்.

"என்கிட்ட குடுங்க சார்."

"நான்தான் அன்னைக்கே சொன்னேனேம்மா..."

"ரெண்டு விரலுக்கு நடுவுல கழுத்து இருக்கணும், அவ்வளவுதானே? நடுவிரல் இருக்கு, மோதிர விரல் இருக்கு. போன விரலையே எத்தனை நாள் பாப்பீங்க? இருக்கிற விரலைப் பாருங்க."

அவர் யோசித்தார். பிறகு ஒரு கையைக் கீழே தாங்கலாக வைத்துக்கொண்டு குருவியை அவள் கைக்கு மாற்றினார். முதுகு உள்ளங்கையில் படிந்தது. கழுத்து அந்த இரண்டு விரல்களுக்கு நடுவில் பாந்தமாக உட்கார்ந்தது. குருவி சும்மா இருக்குமா? குட்டை விரலின் தழும்பைப் பார்த்து வெடுக்கென்று கடித்தது. அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஆனால் பிடி இறுகவில்லை.

"கடி, நல்லா கடி. மெஷினே கடிச்ச இடம்தான்," என்றபடி வலது கையால் இடுக்கியை எடுத்து, வளையத்தைக் காலில் மூடினாள். பொறுப்பாளர் குனிந்து பார்த்தார். குருவியின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது. அவர் தாங்கலை எடுத்துக்கொண்டார்.

ஜன்னலில் கையை விரித்ததும் குருவி திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. பொறுப்பாளருக்குக் கண் கலங்கியிருந்தது.

"வாசல்ல உங்க படத்தைப் போட்டு நாலு வரி எழுதப்போறேன்மா. வர்றவங்களுக்கெல்லாம் ஒரு உதாரணமா இருக்கும்."

அவளுக்குச் சுரீரென்று கோபம் வந்தது. உதாரணமாம்! வாசலில் சிரித்துக்கொண்டு தொங்குவதற்கா இத்தனை நாள் பழகினாள்?

விறுவிறுவென்று கரும்பலகைக்குப் போனாள். தன் பெயருக்கு நேரே 'பை மாட்டுதல்' என்றிருந்ததைக் குட்டை விரலாலேயே தேய்த்து அழித்தாள். சாக்பீஸை அவரிடம் நீட்டினாள்.

"வாசல்ல வேணாம் சார். இங்க எழுதுங்க."