நான் எடுத்துவிட்ட ஒரு வரி

கம்பெனிகளில் நடக்கும் பணமோசடியைத் துருவிக் கண்டுபிடிக்கும் தொழிலில் இருப்பவர்களை எந்த ஆபீஸிலும் யாரும் வாசல்வரை வந்து வரவேற்பதில்லை. அப்படி வரவேற்றால் உள்ளே பெரிதாக ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இருபத்தாறு வருஷமாகக் கல்கத்தாவில் இதுதான் என் பிழைப்பு. அப்பா துறைமுக வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்தவர். நான் இங்கேயே பிறந்து, வீட்டில் தமிழும் தெருவில் வங்காளியுமாக வளர்ந்தவள். கடன் கொடுத்த வங்கிக்கு ஒரு கம்பெனிமேல் சந்தேகம் வந்தால் எங்கள் நிறுவனத்தைக் கூப்பிடும். நிறுவனம் என்னை அனுப்பும். ‘இரும்பு வாசுகி’ என்று எனக்கு ஒரு பெயர்கூட உண்டு, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மேலே இருப்பவர் சொன்னார் என்பதற்காக ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சோறு தொண்டையில் இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்ல முடியும்.

சர்க்கரை கம்மி

பாலிகஞ்சில் ஒரு பழைய மாடிக் கட்டடத்தில் அந்தக் கம்பெனியின் ஆபீஸ். தொழிற்சாலை கார்டன் ரீச்சில். கப்பல்களுக்கு வேண்டிய வால்வும் பம்பும் செய்கிறவர்கள். முதல் நாளே எம்.டி. சௌத்ரி லிஃப்ட் வாசலில் நின்று கைகூப்பினார். மேஜைமேல் சந்தேஷ் இனிப்புப் பெட்டி, ஏ.சி. ரூம், புது நாற்காலி. பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். விசாரணைக்குப் போன இடத்தில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்பது நானாக வைத்துக்கொண்ட சட்டம்.

அக்கவுன்ட்ஸ் பிரிவில் நிதாய் பாபு என்று ஒருவர். ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி. தினமும் பதினோரு மணிக்கு அவரே மண் குவளையில் டீ கொண்டுவந்து என் மேஜையில் வைப்பார். நான் தொடமாட்டேன். ஆறிப்போனதை அவரே எடுத்துப் போவார். நாலாம் நாள், ஊர் வழக்கப்படி என்னை அக்கா என்று விளித்து, வங்காளியில் மெதுவாகச் சொன்னார்: “திதி, சர்க்கரைகூடக் கம்மியாத்தான் போட்டிருக்கேன். இதுக்குள்ள என்ன ஊழல் இருக்கப்போவுது?”

போர்டும் ஆணியும்

மூன்று வருஷமாக இயந்திரப் பராமரிப்பு என்ற பெயரில் ஒரே நிறுவனத்துக்குப் பணம் போயிருந்தது. பில்லில் கார்டன் ரீச் முகவரி. எனக்கு வழக்கமாக வண்டி ஓட்டும் டாக்ஸிக்காரர் பிஷுதாவோடு தேடிப் போனேன். கப்பல் கட்டும் தளத்துச் சுவரை ஒட்டிய சந்து. அந்தக் கதவு எண்ணில் ஒரு சலூன் இருந்தது. இரண்டு நாற்காலி, ஒரு கண்ணாடி.

சவரம் செய்துகொண்டிருந்த பெரியவரிடம் நிறுவனத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவர் கத்தியை நிறுத்தாமலே இந்தியில் சொன்னார்: “எப்பவாவது வருவாங்க. போர்டை மாட்டி போட்டோ எடுத்துட்டுக் கழட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. இதுல என்னோடது அந்த ஆணி மட்டும்தான், பஹன்ஜி.”

அன்று குடித்த டீ

இல்லாத நிறுவனம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் வேலையே நடக்கவில்லை என்று நிரூபிக்க உள்ளே இருப்பவர் ஒருவர் வாய் திறக்க வேண்டும். எல்லாப் பில்லிலும் ‘சரிபார்த்தேன்’ என்ற இடத்தில் நிதாய் பாபுவின் அழகான கையெழுத்து.

இருபது வருஷமாகக் காத்துவந்த சட்டத்தை அன்று மீறினேன். பதினோரு மணி டீயை எடுத்துக் குடித்தேன். யோசித்துத்தான் செய்தேன், அந்த மனிதரை உட்காரவைக்க அது போதும் என்று எனக்குத் தெரியும். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது வேலை முடிந்தது என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் தோன்றவில்லை.

உட்கார்ந்தார். சௌத்ரி நீட்டியதில் எல்லாம் கையெழுத்துப் போட்டதைச் சொன்னார். ரிப்பேர் செய்ததாக மூன்று முறை பில் போட்ட ஒரு அழுத்தும் இயந்திரத்தில் போன வருஷம் ஒரு தொழிலாளிக்கு இரண்டு விரல் போனது. அதையும் அவரே சொன்னார். பிறகு கேட்டார், “இதைச் சொன்னா எனக்கு என்ன ஆகும், திதி?”

“உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பார்த்துக்கறேன்” என்றேன். எந்த அதிகாரமும் இல்லாமல், கொஞ்சமும் தயங்காமல் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கால்பந்து ரெஃபரி என்பது அப்போதுதான் தெரிந்தது. எழுந்து போகும்போது சொன்னார்: “மைதானத்துல இருபத்திரண்டு பேரும் சேர்ந்து திட்டினாலும் விசில் ஊதியிருக்கேன். இந்த மேஜையில மட்டும் ஒருநாள்கூட ஊத முடியல.”

தூக்கிய பாலம்

இரண்டு நாள் கழித்து காலை பத்தரைக்கு, நான் மறுபடி கார்டன் ரீச் சந்தில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, தொழிற்சாலையிலிருந்து நிதாய் பாபுவின் போன். தொழிற்சாலைக் கேட்டில் யார் உள்ளே வந்தார், என்ன சாமான் வந்தது என்று எழுதும் பதிவேடுகள் மூட்டை மூட்டையாக லாரியில் ஏறுகின்றன. அவை போய்விட்டால், ரிப்பேருக்கு யாரும் வரவே இல்லை என்பதற்குச் சாட்சி கிடையாது. வங்கி அதிகாரிக்குத் தகவல் சொல்லிக்கொண்டே பிஷுதாவின் டாக்ஸியில் பாய்ந்தேன்.

லாரியைக் கண்ணில் பிடித்தபோது அது கிதிர்பூர் பாலத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. தாண்டிவிட்டால் ஊர்க் கூட்டத்தில் கலந்துவிடும். ஆனால் கப்பல் ஒன்று உள்ளே வருவதற்காகப் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். பஸ், ஆட்டோ, தள்ளுவண்டி எல்லாம் நின்றன, லாரியும் நின்றது. இறங்கி ஓடினேன். பின்பக்கப் பலகையைப் பிடித்து ஏறித் தார்ப்பாயை விலக்கினேன். மூட்டைக்குள் பதிவேடுகள். லாரியோடு வந்திருந்த தடியன் ஒருவன் என்னைப் பிடித்துக் கீழே தள்ளினான். இடது மணிக்கட்டு தரையில் மடங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. ஒற்றைக் கையால் மறுபடி ஏறி மூட்டைமேல் உட்கார்ந்து, “திருட்டுப் பொருள்! போலீஸைக் கூப்பிடுங்க!” என்று வங்காளியில் கத்தினேன். பஸ் ஜன்னல்களிலிருந்து தலைகள் நீண்டன. அவ்வளவு பேர் பார்க்கும்போது தடியனால் கிட்டே வர முடியவில்லை. போக்குவரத்து சார்ஜென்ட் வந்தார், பின்னாலேயே வங்கி அதிகாரியும் வந்தார்.

என் வாழ்க்கையிலேயே சினிமாபோல நடந்தது அந்த அரை மணி நேரம்தான். பாலம் இறங்கி, பின்னால் எல்லா வண்டிகளும் ஹாரன் அடிக்க, பிஷுதா லாரியை அண்ணாந்து பார்த்துக் கேட்டார்: “மேடம், வெயிட்டிங் சார்ஜ் ஏறிக்கிட்டே இருக்கு. நீங்க இறங்கப்போறீங்களா, இல்ல நான் போகவா?”

நன்றியுரை கிடையாது

கட்டுப்போட்ட கையோடு அறிக்கை எழுதினேன். பொறுப்பானவர்கள் பட்டியலில் சௌத்ரிக்குக் கீழே நிதாய் பாபுவின் பெயர். கையெழுத்து அவருடையது என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. ஆனால் அதற்கு அடுத்தபடியாக ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘இவர் தாமாகவே முன்வந்து உண்மையைச் சொன்னார், ஆவணங்கள் கைப்பற்றப்பட்டதும் இவர் தகவலால்தான்.’

எங்கள் தலைவர் கிருஷ்ணமூர்த்தி, சென்னைக்காரர், அந்த வரியின்கீழ் பென்சிலால் கோடு போட்டார். “இதை எடுத்துடும்மா. குற்றவாளி சொன்னதை வெச்சுத்தான் கண்டுபிடிச்சோம்னு ஆயிட்டா, எதிர்க்கட்சி வக்கீல் நம்மளைக் கிழிச்சுடுவான்.”

“அவருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன் சார்.”

“யாரைக் கேட்டுண்டு கொடுத்தே?”

அந்த வாரம்தான் என்னைப் பார்ட்னராக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த வரியை நானேதான் அழித்தேன். அறிக்கையை மூடிவைத்துவிட்டு அவர் சொன்னார்: “ரிப்போர்ட்ல நன்றியுரைன்னு ஒரு பகுதி கிடையாது, வாசுகி.”

நலம் விசாரிப்பு

வங்கி கொடுத்த புகாரில் முதலில் கைதானவர் நிதாய் பாபு. வீட்டிலேயே இருந்தார், கதவைத் தட்டியதும் வந்துவிட்டார். பதினோரு நாள் உள்ளே இருந்தார். சௌத்ரிக்குக் கைதான அன்றே நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் ஏ.சி. அறை கிடைத்தது, அங்கிருந்தே ஜாமீனும் வாங்கிவிட்டார்.

அலிப்பூர் கோர்ட் தாழ்வாரத்தில் நிதாய் பாபுவைப் பார்த்தேன். அதே அரைக்கைச் சட்டை, கசங்கியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி, சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் தூணின் மறைவுக்கு நகர்ந்தேன். லாரிமேல் ஏறத் தெரிந்த எனக்கு அந்தப் பத்தடி நடந்து போகத் தெரியவில்லை. அங்கே வைத்து என்னிடம் வந்து பேசியவர் சௌத்ரி ஒருவர்தான். சிரித்தபடி, உண்மையான அக்கறையோடு கேட்டார்: “கை சரியாயிடுச்சா மேடம்? நல்ல எலும்பு டாக்டர் வேணும்னா சொல்லுங்க, நம்ம ஆள் இருக்கார்.”

வக்கீலின் கேள்வி

சாட்சி சொல்ல என்னை அழைக்க நாலு வருஷமானது. கிருஷ்ணமூர்த்தி சார் முந்தின நாளே போன் செய்து, அறிக்கையில் இருப்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே என்றார். சரி என்றேன். கூண்டில் ஏறியதும், நிதாய் பாபுவின் சார்பில் வந்த இளம் வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டாள்: “இவர் உங்களுக்கு உதவினாரா?”

“உதவினார். அவர் இல்லாமல் இந்த வழக்கே இல்லை. அறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்தது. நான்தான் அதை எடுத்தேன்.”

நிதாய் பாபு நிமிர்ந்து பார்த்தார். பிறகு அவர் விடுவிக்கப்பட்டதற்கு அந்தப் பதிலும் ஒரு காரணம் என்று வக்கீல் பெண் சொன்னாள். ஆனால் சௌத்ரியின் வக்கீலும் அன்று அங்கேதான் இருந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். வழக்கு அந்த இடத்திலிருந்துதான் இளைக்கத் தொடங்கியது. சில மாதங்களில் வங்கி சௌத்ரியோடு சமரசம் பேசி முடித்தது, தொழிற்சாலையை மூடினார்கள், அவர் வேறு பெயரில் வேறு கம்பெனி தொடங்கினார். பார்ட்னர் ஆகும் பேச்சை எங்கள் நிறுவனத்தில் யாரும் மறுபடி எடுக்கவில்லை. எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அந்தப் பெரிய வக்கீல் மிக மரியாதையாகக் கேட்ட கேள்விதான்: “ரொம்ப நல்லது மேடம். இந்த ரிப்போர்ட்லேர்ந்து இன்னும் என்னென்னல்லாம் எடுத்தீங்க?”

பாலிகஞ்ச் ஸ்டேஷனில்

போன மாதம் பாலிகஞ்ச் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நிதாய் பாபு எதிரில் வந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. ஒரு மருந்துக்கடையில் அரைநாள் கணக்கு எழுதுகிறாராம். ஓய்வுக்கு வரவேண்டியது எதுவும் வரவில்லை. ரெஃபரி சங்கம் வழக்கு தொடங்கிய மாதமே பெயரை நீக்கிவிட்டது. விடுதலைக்குப் பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ள வயது தாண்டிவிட்டது என்றார்கள்.

பல வருஷமாக மனதுக்குள் எவ்வளவோ ஒத்திகை பார்த்திருந்தேன். “என்னை மன்னிச்சிடுங்க நிதாய்தா” என்று மட்டும் சொன்னேன். பாபு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவரை அண்ணா என்று கூப்பிட்டுவிட்டதை அப்புறம்தான் உணர்ந்தேன்.

சோனார்பூர் ரயில் வந்து நின்றது. அவருடைய ரயில்தான். ஏறவில்லை. அது போகும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: “ஜெயிலுக்குப் போனதுகூடப் பரவாயில்ல, திதி. என்ன ஆகும்னு கேட்டேன் இல்லையா, ‘எனக்குத் தெரியாது’ன்னு சொல்லியிருக்கலாமே நீங்க. அப்பவும் நான் எல்லாத்தையும் சொல்லியிருப்பேன்.”

இத்தனை வருஷத்தில் எத்தனையோ பேருடைய பொய்யைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய எனக்கு, என்னுடைய ஒரே ஒரு பொய் தேவையே இல்லாதது என்று கண்டுபிடித்துச் சொல்ல, வேலையிழந்த ஒரு மனிதர் தன் ரயிலை விட்டுவிட்டு நிற்க வேண்டியிருந்தது.