என்னைப் பாஸ் செய்த பச்சைப் புள்ளி

போன வாரம் ஒரகடத்தில் என் மானம் கப்பலேற இருந்தது. காப்பாற்றியவர் ஸ்டெல்லா.

என் பிழைப்பு என்னவென்று பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு... ஃபேக்டரிகளில் கேமரா மாட்டி, எது நல்ல பீஸ், எது விரிசல் விட்ட பீஸ் என்று கம்ப்யூட்டருக்குக் கற்றுக் கொடுக்கிறேன். நிறைய போட்டோ காட்டினால் அதுவே கற்றுக்கொள்ளும். எதைக் கற்றுக்கொள்ளும் என்பதில்தான் வில்லங்கம்!

இந்தக் கம்பெனியில் பைக் பிரேக்குக்கான பாகம் ஒன்று தயாராகிறது. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துப் பாஸ் செய்பவர் ஸ்டெல்லா. வடக்குப்பட்டுக்காரர், பதினோரு வருட சர்வீஸ். கேமரா வந்ததும் அவரைப் பேக்கிங்குக்கு மாற்றப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். என்னைப் பார்த்தால் ஸ்டெல்லாவுக்குச் சிரிப்பு வருமா என்ன?

செவ்வாய்க்கிழமை டிரையல். மூன்று மணிக்கு பைக் கம்பெனி ஆட்கள் பார்க்க வருகிறார்கள். ஆபீஸில் ஒரு தப்புகூடச் செய்யாத கேமரா, லைனில் மாட்டியதும்... சிவப்பு விளக்கு. அடுத்த பீஸும் சிவப்பு. அதற்கடுத்ததும் சிவப்பு! வெளிச்சத்தை மாற்றினேன், லென்ஸைத் துடைத்தேன். சட்டை நனைந்ததுதான் மிச்சம்.

ஸ்டெல்லா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், நல்ல பீஸ் போட்டோல்லாம் எந்த டிரேலருந்து எடுத்தீங்க?”

“நீங்க செக் பண்ணி வெச்ச டிரேதான்.”

“அப்ப சரி!”

ரிஜெக்ட் பெட்டியிலிருந்து விரிசல் விட்ட பீஸ் ஒன்றை எடுத்தார். மார்க்கரைத் திறந்து, அதன் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தார். கேமராவுக்கு அடியில் நகர்த்தினார்.

பச்சை விளக்கு!

தான் பாஸ் செய்த பீஸில் பச்சைப் புள்ளி வைப்பது ஸ்டெல்லாவின் வேலைமுறை. நான் அதைக் கவனிக்கவே இல்லை. கம்ப்யூட்டரோ விரிசலை விட்டுவிட்டுப் புள்ளியைப் பிடித்துக்கொண்டது. புள்ளி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டது... அவ்வளவுதான் அதன் படிப்பு. லைனில் வரும் புது பீஸில் புள்ளி ஏது?

“இன்னா சார் இது, என்னைப் பாத்து காப்பி அடிச்சிகினு கீது!”

சிரித்தேன். பிறகு கேட்டேன்: “நீங்க பேசாம இருந்திருந்தா கேமராவைக் கழட்டி மூலையில போட்டிருப்பாங்க. உங்க சீட்டு உங்களுக்கே இருந்திருக்கும். ஏன் சொன்னீங்க?”

“கழட்டாம அப்பிடியே ஓட்டி, நாளைக்கு இது கிராக் பீஸ வுட்டுச்சின்னா? பிரேக் சார் அது. எங்க வூட்டுக்காரரும் பைக்லதான் வேலைக்குப் போறாரு.”

மேனேஜரிடம் மறைக்காமல் சொன்னேன். தப்பு என்னுடையது, கண்டுபிடித்தது ஸ்டெல்லா என்று. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். டிரையல் தள்ளிப்போனது. அடுத்த நான்கு நாட்களும் ஸ்டெல்லா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, புள்ளி வைக்காத பீஸ்களைப் படமெடுத்தேன். எது வெறும் கீறல், எது விரிசல் என்று எனக்கே இப்போதுதான் தெரிகிறது.

பேக்கிங் மாற்றல் ரத்து. கேமராவுக்குச் சந்தேகம் வந்தால் தீர்ப்பு சொல்லப்போவது ஸ்டெல்லாதான்.

தன் சீட்டைப் பறிக்க வந்தவனுக்கு வேலை சொல்லிக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? சனிக்கிழமை கிளம்பும்போது, “ரொம்ப நன்றிங்க” என்றேன். ஒரு பீஸைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார். மார்க்கரை எடுத்து என் ஐடி கார்டின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி வைத்தார்.

“போங்க சார், ஓகே!”

வீட்டில் அதை அழிக்கச் சொல்கிறார்கள். மாட்டேன் – செக் பண்ணாமல் ஸ்டெல்லா புள்ளி வைப்பதில்லை!