கேக்கில் வந்த கை

அந்த பேக்கரியில் அவளை எல்லோரும் கேக்கம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். கேக்குகளுக்குப் பூப்போடுகிறவள். க்ரீம் பையை ஒரு பிழி பிழிந்தால் ரோஜா, இன்னொரு பிழிக்கு இலை. எதையும் பார்த்துப் போடுகிற பழக்கமே கிடையாது. "யோசிச்சா கை தடுமாறும். சும்மா விட்டா அதுவே போட்டுக்கும்" என்பாள். ஊரே மெச்சிய அந்தக் கைதான் கடைசியில் அவளைக் கதிகலங்க வைத்தது.

ஆரம்பித்தது மகளால். ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டாள், "நீச்சல் வகுப்புல சேரட்டுமாம்மா?" வாளி நிறையத் தண்ணீர் இருந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் கேக்கம்மா. ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. "தண்ணிப் பக்கம் போனே, காலை ஒடிச்சிடுவேன்!" என்று கத்தினாள். மகள் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இருப்பது ஒரே பிள்ளை. அதுவும் பேசாவிட்டால் வீடு வீடாகவா இருக்கும்?

மறுநாள் யாரோ ஒரு தம்பதியின் கல்யாண நாள் கேக். மகளை நினைத்துக்கொண்டே பிழிந்தாள். குனிந்து பார்த்தால் ரோஜாவைக் காணோம். நீல க்ரீமில் ஆறு ஓடியது. அதற்குள்ளிருந்து சாக்லேட்டில் ஒரு கறுத்த கை, நீள நீள விரல்களோடு. ஐயோ! பையைக் கீழே போட்டுவிட்டாள்.

முதலாளி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, இதை அனுப்பினா புருஷனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் ஓடிடுவாங்களே!" என்று சிரித்தபடி வழித்தெடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த கேக்கிலும் அதே ஆறு, அதே கை. இந்த முறை அந்தக் கறுத்த விரல்களோடு பின்னிக்கொண்டு, வெள்ளை க்ரீமில் ஒரு பிஞ்சுக் கையும் வந்தது. அது தன் மகளுடையதுதான் என்று முடிவே கட்டிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, பேக்கரிக்கு வேன் ஓட்டுகிற அவளுடைய கூடப்பிறந்த அண்ணன் டீ குடிக்க வந்தார். மேஜைமேல் இருந்ததைப் பார்த்ததும் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டார்.

"இதை உனக்கு யார் சொன்னா?"

"எதை அண்ணா? என் பிள்ளையைத் தண்ணி கொண்டுபோகப் போகுது, அதான் இப்படி வருது" என்று அழுதாள்.

அண்ணன் அவளை உட்கார வைத்தார். "உன் பிள்ளை இல்ல, நீதான். மூணு வயசுல ஆத்துல விழுந்துட்டே. உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அம்மா எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க."

"அப்போ என்னை உள்ளே இழுத்தது இந்தக் கைதானா?"

"கையா? அட லூசே, அது வேரு! கரையில நின்ன மரத்தோட வேரு, தண்ணிக்குள்ள தொங்கும். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் உயிரோட கிடந்தே. தூக்கும்போதுகூட விடல. உன் விரலை ஒண்ணொண்ணா பிரிக்கிறதுக்குள்ள அப்பாவுக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

கேக்கைத் திரும்பப் பார்த்தாள். பிஞ்சு விரல்கள்தான் மேலே இருந்தன. பிடித்துக்கொண்டிருந்தவை அவைதான்.

பயம் போயிற்றா என்றால், அது அவ்வளவு லேசில் போகிற பயமா? ஆனாலும் சனிக்கிழமை மகளைத் தானே நீச்சல் குளத்துக்குக் கூட்டிப் போனாள். கரையோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளின் தலை தண்ணீருக்குள் மறைந்த ஒவ்வொரு முறையும் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கூப்பிடத் தோன்றியது; பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வகுப்பு முடிந்து மகள் சொட்டச் சொட்ட வந்து நின்றாள். "வாம்மா, போலாம்."

"போலாம்" என்றாள் கேக்கம்மா. ஆனால் கை கம்பியை விடவில்லை. மகள் ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு பக்கத்தில் வந்து, தன் ஈரக் கையால், அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.