ஆறு சட்டையும் ஒரு கால் இஞ்சும்

1

எங்கள் தையல்கூடத்துக்கு ஏஐ வந்த அன்று முதலாளி மாலினி மேடம் எல்லோருக்கும் பால்கோவா கொடுத்தார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு ஒரு டீகூடக் கிடைக்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் கூடம். குயில்ட் செய்த டேபிள் ரன்னர் தைப்போம். சாப்பாட்டு மேஜையின் நடுவில் நீளமாக விரிக்கிற துணி அது. மேலே ஒட்டுத்துணி, நடுவில் மெல்லிய பஞ்சு, அடியில் ஒரு துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல். விருந்தாளி வந்தால் விரிப்பார்கள், குழம்பு வந்ததும் பதறி எடுத்துவிடுவார்கள். இந்த அத்தியாவசியப் பொருளைத்தான் நான் பதினேழு வருஷமாகத் தைக்கிறேன். அதற்கு முன்னால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர்.

"ஸ்டெல்லாக்கா, இனிமே டிசைனுக்கு யாரும் மண்டைய ஒடச்சுக்க வேணாம். இதுகிட்ட சொன்னா போதும்" என்று மேடம் என்னிடம் டேப்லெட்டை நீட்டினார். திரையில் ஒட்டுத்துணி மயில் ஒன்று தோகை விரித்து நின்றது. அழகுதான். மூன்று கால்.

"இன்னா மேடம், மயிலுக்கு ஒரு காலு எக்ஸ்ட்ரா கீது?"

"அது கிரியேட்டிவ் அக்கா. நீங்க எப்பவும் நெகட்டிவாவே பாக்கறீங்க."

நான் தையலைக் கோணலாக ஓட்டினால் அதற்கு மேடம் வைக்கும் பெயர் வேறு.

2

அந்த மாதம் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி வந்தார். கையில் ஒரு துணிப்பை. உள்ளே இஸ்திரி போட்ட ஆறு சட்டைகள். ஆறும் வெளிர்நீலம். சிலதில் கட்டம், சிலதில் கோடு.

"ஆத்துக்காரரோடது. போன ஆவணில போயிட்டார். மத்ததெல்லாம் பசங்க யாருக்கோ குடுத்துட்டா, இதுதான் மிச்சம். மூணு பசங்களுக்கும் ஆளுக்கொரு ரன்னர் தெச்சுக் குடுங்கோ. எழுபத்திரண்டு இஞ்ச். மூணு ஆத்து டேபிளையும் நானே அளந்துண்டு வந்திருக்கேன்."

"ரொம்ப டச்சிங்கா இருக்கு மாமி" என்றார் மேடம்.

"டச்சிங்கும் இல்லே, ஒண்ணும் இல்லே. முப்பத்தஞ்சு வருஷம் ஆபீஸ் ஆபீஸ்னு ஓடினார். எங்களோட ஒக்காந்து ஒரு வேளை சாப்டதில்லை. இப்பவாவது டேபிள்லயே கெடக்கட்டும்."

எனக்கு மாமியை அப்போதே பிடித்துவிட்டது.

மேடம் ஏஐயிடம் கேட்டார். மயில் வேண்டாம் என்று மாமி சொல்லிவிட்டதால் அது சதுரக் கட்டம் போட்டது. நீளவாக்கில் பன்னிரண்டு, அகலத்தில் இரண்டு. மூன்று ரன்னருக்கு எழுபத்திரண்டு சதுரம். கூடவே வெட்டும் அளவும் கொடுத்தது: ஒவ்வொன்றும் ஆறுக்கு ஆறு இஞ்ச்.

தையல் தெரிந்தவர்களுக்கு இங்கேயே சிரிப்பு வந்திருக்கும். தைத்த பிறகு ஆறு இஞ்ச் நிற்க வேண்டுமென்றால் ஆறரையாக வெட்ட வேண்டும். பக்கத்துக்குக் கால் இஞ்ச் தையலுக்குள் போய்விடும். முதல் வாரம் மிஷினில் உட்காருகிறவருக்கே தெரிகிற விஷயம். உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் படித்த ஏஐக்குத் தெரியவில்லை. எம்.பி.ஏ. படித்த மேடத்துக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன். 'நெகட்டிவ்' என்ற சொல் ஞாபகத்துக்கு வந்தது. மூடிக்கொண்டேன்.

"சரி மேடம்" என்று சொல்லி, அந்தப் பட்டியலில் இருந்தபடியே, ஒரு நூல்கூட மாறாமல், எழுபத்திரண்டு சதுரம் வெட்டினேன். அவ்வளவு சுத்தமாக நான் வாழ்க்கையில் வெட்டியதில்லை. ஏஐயின் மூஞ்சி தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்கு மூஞ்சி கிடையாது என்பது எனக்குத் தோன்றவில்லை.

3

மூன்று ரன்னருக்கும் மேல்துணியை இணைத்து முடித்ததும் மேடம் டேப் வைத்து அளந்தார். ஓரத் தையல் போக அறுபத்தாறு. திரும்ப அளந்தார். டேப் மனசு மாறவில்லை.

"அக்கா, ஆறு இஞ்ச் கொறையுதே! எப்படி அக்கா?"

இந்தக் கேள்விக்காகத்தான் இரண்டு நாள் காத்திருந்தேன். பதிலும் தயாராக இருந்தது. ஆனால் பக்கத்தில் வெட்டி மிஞ்சிய காலர்கள் கிடந்தன. ஒன்றின் உள்பக்கத்தில் சலவைக்காரர் மையால் போட்ட குறி இன்னும் அழியாமல் இருந்தது. இந்தச் சட்டைகளுக்கு மாற்று எந்தக் கடையிலும் கிடைக்காது. தி. நகர் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது.

"தையலுக்குத் துணி வுடல மேடம். வெட்டும்போதே எனக்குத் தெரியும்" என்றேன்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டேப்லெட்டை நானே எடுத்தேன். மைக்கை அழுத்தினேன். "நைனா, நீ தையலுக்கு அளவே வுடல. துணி ஆறு இஞ்ச் கொறையுது. வேற துணி கெடையாது. இன்னா பண்றது?"

"மிகச் சிறந்த கேள்வி! நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. தையலுக்கான அளவைச் சேர்க்காதது என் தவறு. மன்னிக்கவும்" என்று எழுதியது.

இத்தனை வருஷ உழைப்பில் என் கேள்வியை யாரும் சிறந்தது என்று சொன்னதில்லை. எந்த முதலாளியும் மன்னிப்புக் கேட்டதில்லை. அது கேட்டுவிட்டது, ஒரு வினாடியில், கொஞ்சமும் வருத்தமில்லாமல்.

பிறகு ஐந்து யோசனை சொன்னது. புதுத் துணி வாங்கலாம். மேஜையை மாற்றலாம். குஞ்சலம் தொங்கவிடலாம். 'மினி ரன்னர்' என்று பெயர் வைத்து விற்கலாம். ஐந்தாவது, சட்டையில் மீந்த காலர், பாக்கெட், கஃப் ஆகியவற்றைச் சேர்க்கலாம்.

காலர் மேடுதட்டும், தம்ளர் நிற்காது. பாக்கெட் போதாது. கஃப், அதாவது முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பட்டி? ஆறு சட்டைக்குப் பன்னிரண்டு கஃப். மூன்று ரன்னருக்கு ஆறு முனை. முனைக்கு இரண்டு. பிரித்து, உள்ளே விறைப்புக்கு வைத்திருந்த கேன்வாஸை உருவி, பட்டன் வெளி ஓரத்தில் வரும்படி அக்கம்பக்கமாக வைத்தேன். முனைக்கு மூன்று இஞ்ச் கூடி, எழுபத்திரண்டு நின்றது. இந்தத் தடவை கால் இஞ்ச் விட்டுத்தான் வெட்டினேன்.

மாமி வந்தபோது மேடம் என் காதில், "ஸ்பெஷல் டிசைன்னு சொல்லிடலாம் அக்கா" என்றார். சொல்லியிருக்கலாம். மாமிக்குத் தெரிந்தே இருக்காது.

"மாமி, துணி தப்பா வெட்டியாச்சு. மிஷின் தப்பா அளவு குடுத்துச்சு. தப்புன்னு தெரிஞ்சே நான் வெட்டினேன். மேடம் மேல கோவம்."

மாமி கண்ணாடியைக் கழற்றினார். "மேடம் மேல கோவம்னா மேடம் பொடவைய வெட்டறதுதானே? எங்காத்துக்காரர் ஒன்னை என்னடீ பண்ணினார்?"

மேடம் அனிச்சையாக முந்தானையை இழுத்துக்கொண்டார்.

மாமி ரன்னரை விரித்தார். முனைக்கு வந்ததும் கை நின்றது. கஃப் பட்டனைத் திருகிப் பார்த்தார்.

"கை பட்டனை அவுக்கவே மாட்டார். மடிச்சு விட்டுக்கோங்கோ, ரசத்துல தோயறதுன்னு கத்துவேன். காதுலயே போட்டுக்க மாட்டார்." பட்டனை விடாமலே, "இது யாரோட யோசனை?" என்றார்.

"பாதி மிஷினு, பாதி நான்."

"அப்போ பாதி மன்னிச்சேன்" என்று மூன்றையும் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினார்.

மேடம் இன்றைக்கும் ஏஐயிடம்தான் டிசைன் கேட்கிறார். நானும் கேட்கிறேன், ஒளிக்க வேண்டியதில்லை. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். ஏஐக்குக் கால் இஞ்ச் தெரியாமல் போனது. அது தெரியாமல் செய்த தப்பு. தெரிந்தும் பேசாமல் வெட்டியவள் நான். தப்பு என்று தெரிந்தால் முதலில் வாயைத் திறந்து சொல்லுங்கள். 'நெகட்டிவ்' என்பார்கள், என்றுவிட்டுப் போகட்டும். கத்திரியை அப்புறம் எடுக்கலாம்.